இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டை

செல்லியம்மன் சொன்னதாக ஒரு குடியிருப்பே நம்பிக்கொண்டிருக்கும் வார்த்தையை அம்மன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

சூலத்தின் முன் வைத்த இரண்டு பொட்டலங்களிலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டினேன். சிவப்புப் பூவை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். முதலிலேயே சொல்லிவிட்டேன். இதோடு நீங்கள் நிறுத்திக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. மேலே படிப்பதானால்… என் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் நல்லது நிறைய நடந்தது. நல்லது நடந்ததாலேயே நான் செய்தது சரியாகிவிடுமா? இந்தக் கேள்வியைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

பெரம்பலூர்க்காரி நான். கட்டடப் பொறியியல் படித்தவள். எதையும் வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் எனக்கு மனம் அமைதியாகும். மளிகைக் கடைக்கும் பட்டியல், கோபம் வந்தாலும் பட்டியல். பதற்றப்பட மாட்டாள் என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரே எனக்குத் திரையாக இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

படிப்பு முடிந்ததும் அரியலூரில் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்தேன். கொள்ளிடம் கரையை உடைத்துக்கொண்டு போனதில் ஒரு தெருவே இல்லாமல் போயிருந்தது. அந்தத் தெருவின் குடும்பங்களை மீன்சுருட்டி போகும் வழியில் ஒரு மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். செம்மண் தரை, சுற்றிலும் முந்திரித் தோப்பு. ஆற்றில் குளித்து வளர்ந்தவர்கள் அங்கே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். புது வீடுகளில் தளம் ஒழுகுகிறதா, சுவர் வெடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் என்னை அனுப்பினார்கள்.

வீடுகள் உறுதியாகவே நின்றன. வீட்டுக்குள் அடுப்பெரிய வழிதான் இல்லை. வாழைக்கொல்லை வேலை, ஆற்று மீன், எல்லாம் கரையோடு போயிருந்தன. எனவே பிழைப்புத் தொடங்க அறக்கட்டளை சிறுகடன் கொடுத்தது. அடமானம் கிடையாது. ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற நால்வரும் சேர்ந்து கட்ட வேண்டும். ஐவர் சேராவிட்டால் ஒருத்திக்கும் கடன் இல்லை. குழு சேர்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனார். அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

கடைசிக் குழுவில் நால்வர்தான் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் தனலெட்சுமி. நடு வயது, கணவர் இல்லை, நர்சிங் படிக்க ஆசைப்பட்ட ஒரே மகள். என்னை முதல் நாளே "பாப்பா" என்று கூப்பிட்டு, சோறு போட்டவர். ஐந்தாவது ஆளாக வர அங்கே மிச்சம் இருந்தது ஒருத்திதான். கொளஞ்சி.

"அவளா? அவ வந்தா நான் எந்திரிச்சிடுவேன்" என்றார் தனலெட்சுமி.

"ஏன்க்கா?"

"அவளையே கேளு. பழைய ஊருல இப்படித்தான் ஒரு கம்பெனியில ஒண்ணா கடன் வாங்கினோம். நாலு தவண கட்டுனா. அப்பறம் புள்ளைங்கள இழுத்துக்கிட்டு திருப்பூருக்கு ஓடிட்டா. என் கறவ மாட்ட வித்து அவளுக்கும் சேத்துக் கட்டுனேன். மாட்ட ஓட்டிக்கிட்டுப் போவும்போது அது திரும்பித் திரும்பிப் பாத்துச்சு பாப்பா."

கொளஞ்சி எட்டத்தில் நின்றிருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். மூத்தவள் மாதிரி தெரிந்தாள்.

"நான் ஓடலக்கா. ஓடுனது அவரு. நான் தேடிப் போனேன்."

"தேடிப் போனவளுக்கு ஒரு போன் போடத் தெரியாதா? கையில நோவா?"

கொளஞ்சி தலை குனிந்தாள். கணவனைக் கண்டுபிடிக்காமலே திரும்பி வந்தவள், வந்த அந்த மழைக்காலத்திலேயே வீட்டையும் ஆற்றுக்குக் கொடுத்திருந்தாள்.

தனலெட்சுமியின் மறுப்பில் தவறு ஏதாவது தெரிகிறதா உங்களுக்கு? எனக்கு அன்றும் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. அவர் சொன்னது முழுக்க நியாயம்! அதனால்தான் என் குற்றம் கனக்கிறது.

பேச்சு நகரவில்லை. சாந்திதான் முடிவு கட்டினாள். இட்லிக் கடை வைக்கக் காத்திருந்தவள், வாயாடி.

"இப்பிடியே மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா என் இட்லி எப்ப வேவுறது? ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். வெள்ள வந்தா சேத்துக்குவோம், செகப்பு வந்தா உட்ருவோம்."

எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். தனலெட்சுமியும். கரையோரக் கோயில் போய்விட்டாலும், அங்கிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து வேப்பங்கன்றின் அடியில் புதைத்து, சூலம் நட்டு, செல்லியம்மனைக் குடியேற்றியிருந்தார்கள். வீட்டுக்குக் கதவு மாட்டுவதற்கு முன்பே அம்மனுக்கு இடம் கொடுத்தவர்கள்.

பொட்டலம் கட்டப் பொது ஆள் வேண்டும் என்றார்கள். சொந்தமும் இல்லாத, பங்காளியும் இல்லாத ஆள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இஞ்சினியரம்மாவா? ஆத்தாளுக்கே அளவெடுப்பாங்களே!" என்றாள் சாந்தி. சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது ஒன்று கேட்டேன். வெறும் ஆர்வத்தில் கேட்பதுபோல், மிகச் சாதாரணமாக.

"எடுக்காத பொட்டலத்த என்ன பண்ணுவீங்க?"

"அதப் பிரிக்கப்படாது பாப்பா" என்றார் தனலெட்சுமி. "பிரிச்சா ஆத்தாள நம்பலன்னு ஆயிடும். அப்படியே தண்ணியில உட்ருவோம்."

ஆர்வமா? இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டபோதே எனக்குத் தெரியும். நான் முடிவு செய்துவிட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக நின்றேன். கையில் பூவரச இலைகள், வாழைநார், நந்தியாவட்டை, ஒரு செவ்வரளி. எனக்குள் ஒரு பட்டியல் ஓடியது.

ஒன்று, கொளஞ்சி சேராவிட்டால் மற்ற நால்வருக்கும் கடன் இல்லை.

இரண்டு, கொளஞ்சியின் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்காகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

மூன்று, எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. எனக்கு இது நாணயம் சுண்டுவது போலத்தான். ஐந்து குடும்பங்களின் பிழைப்பைப் பாதிக்குப் பாதி வாய்ப்பிலா விடுவது?

நான்காவதை நெடுநாள் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. என் மாத அறிக்கையில் அந்த ஒரு குழுதான் நிரம்பாமல் நின்றது. அது என் கண்ணை உறுத்தியது… ஆம், அதுவும் இருந்தது! எவ்வளவு இருந்தது? பத்தில் ஒரு பங்கா, பாதியா? அளந்து பார்க்கப் படித்தவளுக்கு இதை மட்டும் அளக்கத் தெரியவில்லை.

 தளத்தின் வெடிப்பைப் பூசுவது போல நிதானமாகக் கட்டினேன்.

பொட்டலங்களைச் சூலத்தடியில் வைத்ததும், குழந்தை ஒன்றைக் கூப்பிடப் போனாள் சாந்தி. தனலெட்சுமி தடுத்தார்.

"வேணாம். நானே எடுக்குறேன். நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாரு."

கண்ணை மூடி நின்றார். உதடுகள் அசைந்தன. அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. அவர் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். மாட்டை விற்ற ஒரு பெண், தன் கோபத்தை வைத்துக்கொள்ளவா விட்டுவிடவா என்று தெய்வத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதிலை நான் ஏற்கெனவே நாரால் கட்டி வைத்திருந்தேன்.

எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

பூவைச் சூலத்தடியில் வைத்தார். பிறகு திருநீறு எடுத்துக் கொளஞ்சியின் நெற்றியில் அவரே பூசினார்.

"ஆத்தா சொல்லிட்டா. இனிமே பழசப் பேச மாட்டேன்டி."

கொளஞ்சி செம்மண்ணில் விழுந்து கும்பிட்டாள். அழுகைக்கு நடுவே ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆத்தா என்ன நம்பிட்டா… ஆத்தா என்ன நம்பிட்டா…"

அன்று ஜெயங்கொண்டம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். கங்கைகொண்ட சோழபுரம் தாண்டும்போது செவ்வரளியை வெளியே எறிந்தேன். வேலை முடிந்த நிம்மதி இருந்தது. குற்ற உணர்வா? துளியும் இல்லை! அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடன் வந்தது. சாந்தியின் இட்லி வெந்தது. கொளஞ்சி முந்திரிக்கொட்டை உடைக்கும் கைமெஷின் ஒன்று வாங்கினாள். கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டுக் கை கறுத்து உரிந்தது; சாம்பலைத் தடவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். "ஆத்தா நம்பிக் குடுத்தது, ஆத்தாளுக்குப் பதில் சொல்லணும்ல" என்பாள். ஒரு தவணை தவறவில்லை. அவள் வீட்டிலிருந்து கொட்டை உடையும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் பெருமை. நான் போட்ட அடித்தளம் அல்லவா!

பிறகு ஒரு பருவம் முந்திரி காய்க்கவில்லை. தோப்பெல்லாம் பூ பனியில் கருகியது. உடைக்கக் கொட்டை இல்லை. கொளஞ்சி தவணைக்குக் கைவிரித்தாள். ஒரு மாதம், அடுத்த மாதம், அதற்கடுத்த மாதமும்.

குழுக் கூட்டத்தில் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். சாந்தி, "பழைய பாட்டே திரும்ப ஓடுது" என்றாள். கொளஞ்சி சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தனலெட்சுமி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினார். கையில் மகளைப் பெரம்பலூர் நர்சிங் கல்லூரியில் சேர்க்க வைத்திருந்த பணம். கொளஞ்சியின் பங்குக்குக் கட்டினார்.

"அக்கா, பொண்ணு படிப்பு…" என்று பதறினாள் கொளஞ்சி.

"அடுத்த வருசம் படிப்பா. ஆத்தா கைகாட்டுன ஆளு நீ. உன்ன உட்டா ஆத்தாள உட்ட மாதிரி."

நான் அங்கேதான் இருந்தேன். எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் மகள் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்திருக்கலாம். 'அக்கா, அது அம்மன் இல்லை' என்று ஒரு வரி… ஒரே ஒரு வரி! சொல்லியிருந்தால் அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு வந்திருக்கும்.

நான் ரசீது போட்டுக் கொடுத்தேன்.

அந்த வருடம் அந்தப் பெண் ஜவுளிக் கடையில் புடவை மடித்தாள்.

மறு பருவம் முந்திரி கொத்துக் கொத்தாகக் காய்த்தது. கொளஞ்சி கடனையும் தனலெட்சுமி கொடுத்ததையும் முழுக்கத் திருப்பினாள். மகள் கல்லூரியில் சேர்ந்தாள், தன்னைவிட இளையவர்களோடு. அவளோடு பள்ளியில் படித்தவர்கள் அப்போது இரண்டாம் ஆண்டில் இருந்தார்கள். ஐந்து பேரும் சேர்ந்து கொட்டை உடைக்க ஒரு கொட்டகை போட்டார்கள். நான்தான் வரைபடம் போட்டேன். டவுன் பஸ் நின்று போகவேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அதையும் வாங்கினார்கள். லாரித் தண்ணீர் போய்க் குழாய் வந்தது. அகதிகள் மாதிரி வந்திறங்கியவர்கள் 'எங்க ஊரு' என்று சொல்லத் தொடங்கினார்கள். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். பொய்யிலிருந்து இவ்வளவு முளைக்குமா? முளைத்தது. மறுக்க முடியாது.

ஆனால் கூடவே இன்னொன்றும் முளைத்தது. கொளஞ்சி விஷயத்தில் அம்மன் வாக்கு பலித்துவிட்டதல்லவா? அதன் பிறகு எதற்கெடுத்தாலும் பூக்கட்டிப் பார்த்தார்கள். யாருக்கு முதலில் கடன், கொட்டகை எந்தத் திசையில், எல்லாம் பூ. முன்பு மணிக்கணக்கில் சண்டை போட்டுத் தெளிந்தவர்கள் இப்போது பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். நான் ஒருமுறை செய்த தில்லுமுல்லு அங்கே ஒரு வழக்கமாகிவிட்டது!

சென்ற ஆண்டு குழுவில் ஓர் இடம் காலியானது. ஒருத்தி மகனோடு சென்னைக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு அஞ்சலை கேட்டாள். வேறொரு கரையோர ஊரிலிருந்து வெள்ளத்தால் வந்தவள்; கைக்குழந்தைக்காரி; ஆடு வாங்க வேண்டும் என்றாள். கணவன் குடிப்பான் என்று பேச்சு. யாரும் அவளிடம் எதுவும் விசாரிக்கவில்லை. நேராகப் பூவுக்குப் போனார்கள்.

"பாப்பா கட்டட்டும். அது கை ராசி" என்றாள் கொளஞ்சி.

இந்தமுறை ஒழுங்காகக் கட்டினேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. பழைய தவற்றை நேர்செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கொளஞ்சி எடுத்தாள்.

சிவப்பு.

கொளஞ்சிக்கு முகம் வாடிவிட்டது. "ஆத்தாளுக்கு என்ன காரணமோ" என்று மட்டும் சொன்னாள்.  அஞ்சலை குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். யாரிடம் கோபித்துக்கொள்வாள்? எதிரில் மனிதர்களே இல்லையே!

முதல்முறை நான் ஏமாற்றினேன், ஒருத்தி உள்ளே வந்தாள். இரண்டாம்முறை நேர்மையாக இருந்தேன், ஒருத்தி வெளியே போனாள். அவளுடைய முதுகைப் பார்த்தபோதுதான், இத்தனை வருடங்களில் முதல்முறையாக, நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது.

அன்று மதியம் பேருந்து நிறுத்தத்தில் தனலெட்சுமி என்னோடு காத்திருந்தார். ஜெயங்கொண்டத்தில் மாட்டுத் தீவனம் வாங்க வேண்டும் என்றார். மறுபடி மாடு வாங்கியிருந்தார். வேறு யாரும் இல்லை. சொன்னேன். தொட்டிக்குப் பின்னால் நின்றதிலிருந்து அரளியை எறிந்தது வரை, வரிசையாக.

 பேருந்து வந்தது. அவர் ஏறவில்லை. போகவிட்டார்.

"ரெண்டுலயும் வெள்ளயா?"

"ஆமாக்கா."

"எம் பொண்ணு ஒரு வருசம் பொடவ மடிச்சுது."

"தெரியும்க்கா."

"நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். இல்ல, போய்த் தொலையுதுன்னு சேத்துக்கூட இருப்பேன். எனக்குத் தெரியல. எதுவா இருந்தாலும் நான் சொல்லியிருக்கணும். அந்த வார்த்தய என் வாயிலேருந்து புடுங்கிட்ட."

அழாமல் நின்றேன். அழுதால் அவர் சமாதானப்படுத்துவார் என்று தெரியும். அதைப் பெறும் தகுதி எனக்கில்லை.

கடைசியாகக் கேட்டார். "கொளஞ்சிக்குத் தெரியுமா?"

"இல்ல."

"சொல்லிடாதீங்க. அவ அதுலதான் நிக்கிறா." முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அடுத்த பஸ் வருது. ஏறுங்க மேடம்."

மேடம். அன்று முதல் அதுதான். இத்தனை வருடப் 'பாப்பா' அந்த நிறுத்தத்தோடு முடிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதை கொடுத்துத் தள்ளி நிறுத்திவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் யாரோ அரளியும் நந்தியாவட்டையும் பறித்து வந்திருந்தார்கள். தனலெட்சுமி அவற்றை வாங்கிச் சூலத்துக்குச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இனிமே பூ வேணாம். அந்த அஞ்சலையக் கூப்புடுங்க, பேசுவோம்."

"ஆத்தா கோவிச்சுக்குவாக்கா!" என்றாள் சாந்தி.

"ஆத்தாளுக்கு வேற சோலி இல்லியா? கடன் வாங்குறது நாம, கட்டுறது நாம. வாய்தான் இந்தா நீளம் இருக்குல்ல உனக்கு, கேளேன்."

கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள்! புருஷன் எவ்வளவு குடிப்பான், ஆட்டை அவன் விற்றுவிட்டால் என்ன செய்வாய், முன்பு எங்கே கடன் வாங்கினாய்… அஞ்சலை முதலில் திணறினாள். பிறகு அவளும் குரலை உயர்த்தினாள். "ஆட்டு மேல அந்தாளு கைய வச்சா அந்தாளத்தான் சந்தையில விப்பேன்!" கொட்டகையே சிரித்தது. மறுபடி சண்டை. ஒருத்தி எழுந்து போய்த் திரும்பி வந்தாள். பல காலத்துக்குப் பிறகு அந்தப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டதைக் கேட்டேன். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள்.

"நாளைக்கி இவ கட்டலன்னா என்னத் திட்டுங்க" என்றார் தனலெட்சுமி. "ஆத்தாள இழுக்காதீங்க."

அஞ்சலையின் ஆடு இப்போது இரண்டு குட்டி போட்டிருக்கிறது. அந்தக் குடியிருப்பு தழைக்கும். எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது அது அவர்களுடைய சொந்த வார்த்தையின்மேல் நிற்கிறது.

நான்? பெயர்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். கொளஞ்சிக்குப் போய்ச் சேரக் கூடாது என்பதற்காக. அவளுக்குச் சொல்லாததை முகம் தெரியாத உங்களுக்குச் சொல்கிறேன். இது வாக்குமூலமா, இதுவும் ஒரு தப்பித்தலா? தெரியவில்லை… சொன்னால் பாரம் குறையும் என்கிறார்களே! தனலெட்சுமியிடம் சொன்னேன். என் பாரம் குறையவில்லை. அவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அவ்வளவுதான்.

போன வாரம் கொட்டகைக்குப் போயிருந்தேன். கொளஞ்சி ஒரு கை வறுத்த முந்திரியை என் உள்ளங்கையில் கொட்டினாள்.

"சாப்புடு பாப்பா. அன்னிக்கி ஆத்தா மட்டும் என்ன நம்பலன்னா எந்த ஊருல யாரு வூட்டுப் பாத்திரம் தேச்சிக்கிட்டுக் கெடப்பனோ! இல்லியாக்கா?"

தனலெட்சுமி மெஷினை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். மனதில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேசத் தெரியாதவர் அவர்.

"ஆமாண்டி" என்றார், என் கண்ணிலிருந்து பார்வையை எடுக்காமல். "ஆத்தாதான்."